பெயர் வெளியிடப்படாத பதினாறு குழந்தைகள்: டைலர் பள்ளி வழக்கு, 1977–1982

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் செப்டம்பர் 15 தொடங்கி அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம், அதாவது ஸ்பானிய மொழி மரபில் வந்த குடும்பங்களின் பாரம்பரியத்தைக் கொண்டாடும் மாதம். நடைகூடத்தில் மெக்சிகோ, ஹோண்டுராஸ், கொலம்பியா நாட்டுக் கொடிகள் வரிசையாகத் தொங்கும். மாலையில் பெற்றோர் வந்து அமர, பிள்ளைகள் நாட்டுப்புற நடனம் ஆடுவார்கள். டெக்சாஸில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய காட்சிதான். அந்த மாநிலத்துப் பொதுப்பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஹிஸ்பானிக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள்.

அந்த மேடைகளில் அநேகமாகச் சொல்லப்படாத ஒரு நிகழ்வை இங்கே முதலிலிருந்து முடிவுவரை பதிவு செய்கிறேன். 1977இல் கிழக்கு டெக்சாஸின் டைலர் நகரில் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த 16 குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் வழக்கில் வந்த தீர்ப்புதான் இன்றும் நாடு முழுவதும் பள்ளிகளின் சேர்க்கை மேசைக்கு விதி. ஒரு சமூகத்தின் பாரம்பரியத்தைப் போற்றுவதும் அந்தச் சமூகத்தின் பிள்ளைக்குத் துணை நிற்பதும் எங்கே ஒன்றுசேர்கின்றன, எங்கே விலகிப்போகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். நீதிமன்ற ஆவணங்களில் இந்தக் குடும்பங்களின் பெயர்கள் மறைக்கப்பட்டன. பிற்காலத்தில் சிலர் தாமாகவே வெளியே வந்து பேசினார்கள். ஆனாலும் இந்தப் பதிவில் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. பள்ளி அலுவலர்களையும் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். நீதிபதிகளின் தீர்ப்புகள் பொது ஆவணங்கள் என்பதால் அவர்கள் பெயர்கள் மட்டும் வருகின்றன.

## பின்னணி

டெக்சாஸ் பள்ளிகளுக்கும் ஸ்பானிய மொழிக்கும் நெடுங்காலமாகவே பகை. 1918இல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது: பொதுப்பள்ளியில் ஆங்கிலம் தவிர்த்த மொழியில் பாடம் நடத்துவது குற்றம். வகுப்பில் மட்டுமல்லாமல் விளையாட்டுத் திடலில் ஸ்பானிய மொழி பேசியதற்கும் அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். மேற்கு டெக்சாஸின் மார்ஃபா ஊரில், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பள்ளியில், 1954இல் ஒரு சடங்கு நடந்தது. பிள்ளைகளைச் சிறு தாள்களில் ஸ்பானிய மொழி பேச மாட்டேன் என்று எழுத வைத்து, அந்தத் தாள்களைப் பெட்டியில் போட்டு, பள்ளி வளாகத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். தாய்மொழிக்கு இறுதிச் சடங்கு. தன் கையெழுத்திலேயே தன் மொழியைப் புதைத்தது அந்தக் குழந்தை. அந்தக் கட்டடம் இப்போது தேசிய வரலாற்றுத் தலம்.

1960களில் காற்று மாறியது. அதிபர் லிண்டன் ஜான்சன் தம் இளமையில், 1928இல், தெற்கு டெக்சாஸின் கோட்டுல்லாவில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. 1965இல் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைக்காகப் பேசியபோதும் அவர்களையே நினைவுகூர்ந்தார். 1968இல் ஹிஸ்பானிக் பாரம்பரிய வாரம் சட்டமானது அவர் கையெழுத்தில்தான். குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் விடுதலை நாள் செப்டம்பர் 15, மெக்சிகோவுக்கு 16. அந்த இரு நாட்களையும் உள்ளடக்கிய வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1988இல், அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வாரத்தை மாதமாக்கியது. இதற்கிடையே 1973இல் டெக்சாஸ் தன் பழைய மொழிக் கொள்கையை விட்டு இருமொழிக் கல்விச் சட்டத்தையும் கொண்டுவந்தது.

ஆக, 1970களின் நடுவில் இரண்டு போக்குகள் ஒரே நேரத்தில் இருந்தன. ஒரு பக்கம் பாரம்பரிய வாரம், இருமொழி வகுப்பு. மறுபக்கம் எல்லையைத் தாண்டி வரும் தொழிலாளர் மீது வளர்ந்துவந்த அச்சம். 1975 மே மாதம் மாநிலச் சட்டமன்றம் கல்விச் சட்டத்தின் 21.031 பிரிவைத் திருத்தியது. நாட்டுக்குள் சட்டப்படி அனுமதிக்கப்படாத குழந்தைகளின் கல்விக்கு மாநில நிதி கிடையாது. அவர்களைச் சேர்க்க மறுக்கும் அதிகாரமும் பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு, உண்டு என்றது அந்தத் திருத்தம்.

டைலர் நகரம் ரோஜாவுக்குப் பெயர் போனது. நகரைச் சுற்றிய ரோஜாத் தோட்டங்களிலும், வார்ப்பிரும்பு ஆலையிலும், இறைச்சிக் கூடங்களிலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் உழைப்பை ஊர் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளும் கூடவே வந்தார்கள்.

## என்ன நடந்தது

1975 திருத்தத்துக்குப் பிறகும் டைலர் பள்ளி மாவட்டம் இரண்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளை இலவசமாகவே சேர்த்துவந்தது. இது கவனிக்க வேண்டிய செய்தி. கதவை மூடியே ஆக வேண்டும் என்று மாநிலம் கட்டாயப்படுத்தவில்லை. மூடலாம் என்றது, திறந்து வைத்தால் பணம் தர மாட்டேன் என்றது. 1977 ஜூலையில் மாவட்ட வாரியம் மூடத் தீர்மானித்தது. அக்கம்பக்கத்து மாவட்டங்கள் மூடிக்கொண்டால் எல்லாரும் டைலரைத் தேடி வந்துவிடுவார்கள் என்பது வாரியம் சொன்ன காரணம். சட்டப்படி வந்ததற்குச் சான்று காட்டாத குழந்தை ஆண்டுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும் என்றது புதிய விதி.

அன்று மாவட்டத்தில் ஏறத்தாழ 16,000 மாணவர்கள். இந்த விதிக்குள் வந்தவர்கள் அறுபதுக்கும் குறைவு. ஆயிரத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. வந்து குவிந்துவிடுவார்கள் என்று வாரியம் அஞ்சிய வெள்ளம் அதன் பள்ளிகளில் எங்கும் தென்படவில்லை.

1,000 டாலர் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1977இல் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.30 டாலர். ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், வாரத்துக்கு 40 மணி நேரம், 52 வாரம் உழைத்தால் 4,784 டாலர். நான்கு பிள்ளைகள் உள்ள வீடென்றால் கல்விக் கட்டணம் 4,000. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டு முழுவதற்கும் மிஞ்சுவது 784 டாலர். தோட்ட வேலைக்கு அன்று நிர்ணயித்த ஊதியம் இன்னும் குறைவு. கட்டணம் என்று பெயர் வைத்திருந்தாலும் அது வெளியேற்றமே.

அதே வீட்டில் டெக்சாஸில் பிறந்த கடைக்குட்டி இருந்தால், அது அமெரிக்கக் குடிமகன். அதற்குக் கட்டணம் இல்லை. அக்காவுக்கும் அண்ணனுக்கும் உண்டு. ஒரே சமையலறையில் காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு நடுவில் இந்தச் சட்டம் கோடு கிழித்தது.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு பெற்றோருடையது. கத்தோலிக்கத் திருச்சபையோடு சேர்ந்து ஊழியம் செய்த ஒருவர் அந்தக் குடும்பங்களை உள்ளூர் மனித உரிமை வழக்கறிஞரிடம் கொண்டுசேர்த்தார். அந்த வழக்கறிஞர் மெக்சிகோ அமெரிக்கர்களின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தைத் துணைக்கு அழைத்தார். 1968இல் சான் அன்டோனியோவில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. வழக்குப் போடலாம், ஆனால் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஆவணம் இல்லாத ஒருவர் அரசுக்கு எதிராக நீதிமன்றப் படி ஏறுவது, தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதற்குச் சமம். அதை அறிந்தே நான்கு குடும்பங்கள் ஒப்புக்கொண்டன.

இரண்டாவது முடிவு வழக்கறிஞர்களுடையது: குடும்பங்களின் அடையாளத்தை மறைப்பது. அமெரிக்க நீதிமன்றங்களில் பெயர் வெளியிட முடியாதவர்களுக்கு வழங்கும் புனைபெயர் ‘டோ’. பெற்றோரும் பிள்ளைகளும் அந்தப் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார்கள். எதிர்த்தரப்பில் மாவட்டக் கண்காணிப்பாளர் பெயர் வந்ததால், வரலாற்றில் இது ‘பிளைலர் எதிர் டோ’ என்று நிலைத்தது. டைலர் அமைந்துள்ள ஸ்மித் கவுண்டியில் இதே நிலையில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்தே வழக்கு தொடுக்கப்பட்டது. நான்கு குடும்பங்களோடு சமரசம் பேசி முடித்துவிட முடியாதபடி அது அமைந்தது.

மூன்றாவது, இடத்தேர்வு. ஹூஸ்டன் போன்ற பெருநகரில் இத்தகைய பிள்ளைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது. அங்கே போயிருந்தால் நிதிச்சுமை என்ற வாதத்தை மாநிலம் முன்னால் நிறுத்தியிருக்கும். டைலரில் அதற்கு இடமில்லை. இங்கே கூட்டரசு நீதிமன்றத்தில் வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் நீதிபதியாக இருந்தார். குடும்பப் பெயரே நீதி என்று பொருள்படும் மனிதர். டெக்சாஸ் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை ஒழிக்க அவர் போட்ட உத்தரவுகளுக்காக உள்ளூரில் பலர் அவரை வெறுத்தார்கள். அதற்காக அவர் பின்வாங்கியதில்லை.

நான்காவது முடிவு அந்த நீதிபதியுடையது. 1977 செப்டம்பரில் முதல் விசாரணையைக் காலை 6 மணிக்கு வைத்தார். ஊர் விழிப்பதற்கு முன், கூட்டம் சேர்வதற்கு முன், குடும்பங்கள் வந்து போகட்டும் என்பது எண்ணம்.

அந்த விடியற்காலையை இந்த வழக்கின் இதயமாக நினைக்கிறேன். குடும்பங்கள் தங்கள் கார்களில் வந்தன. கார்களுக்குள் வீட்டுச் சாமான்கள் அடுக்கப்பட்டிருந்தன. நீதிமன்றத்திலிருந்து நேராக நாடு கடத்தினாலும் கையில் இருப்பதையாவது கொண்டுபோகலாம் என்ற ஏற்பாடு. இவர்கள் கேட்டது பணமோ குடியுரிமையோ அல்ல. மூன்றாம் வகுப்பில் ஓர் இருக்கை, ஐந்தாம் வகுப்பில் ஓர் இருக்கை. அதற்காக வீட்டையே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் படிப்பில் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்களைப் பற்றி யாராவது சொல்லக் கேட்டால், எனக்கு அந்தக் கார்கள்தான் நினைவுக்கு வரும்.

நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். நாட்டின் மற்றப் பள்ளிகள் ஹிஸ்பானிக் பாரம்பரிய வாரத்தைக் கொண்டாடிய அதே மாதம் அது.

இந்த இடைக்காலத் தடையின் அருமையை வழக்கின் இறுதி வெற்றி மறைத்துவிடக் கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1982 ஜூன் ஆகிவிட்டது. அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தால், 1977இல் முதல் வகுப்புக்கு வந்த குழந்தை ஐந்து ஆண்டுகளை இழந்திருக்கும். பள்ளி வயதில் இழந்த ஐந்து ஆண்டுகளை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது.

## வழக்கின் போக்கு

1977 டிசம்பரில் முழு விசாரணை நடந்தது. மாநில அரசும் பிரதிவாதியாக வந்து சேர்ந்துகொண்டது. 1978 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. குழந்தைகளிடம் கட்டணம் கேட்பதால் சட்டவிரோதக் குடியேற்றம் நிற்கும் என்று நம்புவது நகைப்புக்கிடமான முயற்சி என்றார் நீதிபதி. வேலை தேடித்தான் மக்கள் வருகிறார்கள். பிள்ளைக்கு இலவசப் பள்ளி கிடைக்கும் என்று யாரும் எல்லை தாண்டவில்லை. இந்தப் பிள்ளைகளை வெளியேற்றினால் கொஞ்சம் பணம் மிச்சமாகலாம். அதனால் மற்றப் பிள்ளைகளின் கல்வித் தரம் உயரும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் பதிவு செய்தார். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சமப் பாதுகாப்பு என்ற அடிப்படையில் இதை உறுதிசெய்தது.

டைலர் தீர்ப்பு டைலருக்கு மட்டுமே பொருந்தியது. மாநிலத்தின் பிற பகுதிகளுக்கான வழக்குகள் ஹூஸ்டனில் ஒன்றுசேர்க்கப்பட்டு, 1980இல் அங்கேயும் குழந்தைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பவல் அந்த நிறுத்தத்தை நீக்கினார்.

வாதத்தில் பெரிய தடை ஒன்று இருந்தது. 1973இல், சான் அன்டோனியோவின் ஏழைப் பள்ளி மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், கல்வி அரசியல் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் இதே பவல். ஆகவே கல்வி எங்கள் உரிமை என்று மட்டும் சொல்லி வெல்ல முடியாது. வழக்கறிஞர்கள் வேறொரு சொல்லைப் பற்றினார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம், ஒரு மாநிலம் தன் ஆளுகைக்கு உட்பட்ட எந்த ‘நபருக்கும்’ சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது. குடிமகன் என்று எழுதவில்லை. நபர் என்று எழுதியிருக்கிறது. இவர்கள் எங்கள் ஆளுகைக்கு உட்பட்டவர்களே அல்லர் என்று மாநிலம் வாதிட்டது. அந்தக் குடும்பம் டெக்சாஸில் திருடினால் டெக்சாஸ் சட்டம் தண்டிக்கும். அப்படியிருக்க, காக்கும் வேளை வரும்போது மட்டும் ஆளுகை எங்கே போகும்? இந்த ஒரு கேள்வியில் ஒன்பது நீதிபதிகளும், எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நால்வர் உட்பட, மாநிலத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

1981 டிசம்பர் 1 அன்று வாதம். 1982 ஜூன் 15 அன்று தீர்ப்பு, 5–4. பெரும்பான்மைத் தீர்ப்பை வில்லியம் பிரென்னன் எழுதினார். பெற்றோரின் செயலைக் குழந்தையால் மாற்ற முடியாது. தன் நிலையையும் மாற்ற முடியாது. அதற்காகக் குழந்தையைத் தண்டிப்பது நீதியின் அடிப்படைக்கே முரண் என்பது அதன் சாரம். மாநிலம் சொன்ன மூன்று காரணங்களையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குடியேற்றம் குறையுமா? குறையாது. பள்ளிகளின் தரம் உயருமா? சான்று இல்லை. இந்தப் பிள்ளைகள் டெக்சாஸிலேயே தங்கி உழைக்கமாட்டார்கள் என்பதா? யார் தங்குவார்கள் என்று எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்ல முடியாது.

ஐந்தாவது வாக்கு பவலுடையது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கல்வி அடிப்படை உரிமை அன்று என்று எழுதிய அதே மனிதர், இம்முறை குழந்தைகள் பக்கம் நின்றார். அவர் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். பள்ளிக்கு வெளியே நிற்கும் குழந்தை என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதாக இல்லை.

மறுத்தவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தலைமை நீதிபதி வாரன் பர்கர், நாட்டின் சமூகக் கொள்கையை வகுப்பது தம் வேலையாக இருந்தால், எந்தக் குழந்தைக்கும் தொடக்கக் கல்வியை மறுப்பது அறிவீனம் என்று தயங்காமல் சொல்வேன் என்றார். அந்த வேலை நாடாளுமன்றத்துடையது, நீதிமன்றத்துடையது அன்று என்பதே அவர் மறுப்பு. அதாவது, அந்த அவையில் குழந்தையை வெளியே நிறுத்துவது நல்லது என்று அவர்கூட வாதிடவில்லை.

## பிறகு நடந்தவை

அந்த 16 குழந்தைகளில் பிற்காலத்தில் செய்தியாளர்கள் தேடிக் கண்டவர்களில் பெரும்பாலோர் டைலரிலேயே பள்ளி இறுதிவரை படித்து முடித்திருந்தார்கள். 1986ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ இருப்பை அளித்தபோது, இவர்களில் பலரும் அதன் வழியே ஆவணம் பெற்றார்கள். அன்று எந்தக் குழந்தைகள் என்றைக்கும் இங்கே இருக்கப்போகிறவர்கள் அல்லர் என்று மாநிலம் வாதிட்டதோ, அவர்கள் அந்த ஊரிலேயே வளர்ந்து வேலைக்குப் போனார்கள்.

யாருடைய பெயரில் வழக்கு நிலைத்துவிட்டதோ அந்தக் கண்காணிப்பாளர், ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், அந்த வழக்கில் தோற்றதற்காக மகிழ்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். தன் தோல்வியை இப்படி ஏற்றுக்கொள்ள மனம் வேண்டும். அவரை மதிக்கிறேன்.

ஆனால் விவகாரம் ஓயவில்லை. 1994இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 187ஆம் முன்மொழிவை நிறைவேற்றி இத்தகைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கப் பார்த்தார்கள். டைலர் தீர்ப்பைக் காட்டியே நீதிமன்றம் தடுத்தது. 2011இல் அலபாமா, புதிதாகச் சேரும் மாணவரின் குடிவரவு நிலையைப் பள்ளிகள் கேட்டறிய வேண்டும் என்று சட்டம் போட்டது. சேர்க்க மறுக்கவில்லை, கேட்க மட்டும் செய்தது. அது போதுமானதாக இருந்தது: சட்டம் நடைமுறைக்கு வந்த உடனே ஹிஸ்பானிக் பிள்ளைகள் பெருமளவில் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார்கள். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

தீர்ப்பு பள்ளியோடு நின்றுவிடுகிறது. கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி அது பேசவில்லை. 2001இல், ஆவணமற்ற மாணவர்களுக்கும் உள்மாநிலக் கட்டணத்தையே வாங்கும் சட்டத்தை நாட்டிலேயே முதலில் இயற்றியது டெக்சாஸ்தான். 2025 ஜூனில் கூட்டரசு தொடுத்த வழக்கில் மாநிலமே உடன்பட்டு அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில், பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதலும் திரும்பப் பெறப்பட்டது. காரில் சாமான் ஏற்றி வைத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

## மாற வேண்டியவை

டைலரில் என்னென்ன வேறு விதமாக நடந்திருக்கலாம் என்று பார்த்தால், முதலில் நிற்பது வாரியத்தின் ஜூலை முடிவு. அறுபது பேருக்கும் குறைவான பிள்ளைகளின் செலவை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருந்தால், ஐந்து ஆண்டு வழக்கே வந்திருக்காது. கற்பனையான கூட்டத்துக்கு அஞ்சி, கண்முன் இருந்த பிள்ளைகளை அனுப்பினார்கள். இரண்டாவது, அண்டை மாவட்டங்களோடு பேசி எல்லாருமே சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு பொது ஏற்பாட்டுக்கு முயன்றிருக்கலாம். டைலருக்கே எல்லாரும் வருவார்கள் என்ற அச்சத்துக்கு அதுவே மருந்து.

இன்றைய பள்ளிகளுக்கு இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் சேர்க்கை மேசையைப் பற்றியது. தீர்ப்பை மீறாமலேயே ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட முடியும். படிவத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு (ஆவணமற்ற பிள்ளைகளிடம் பொதுவாக இல்லாத அரசு அடையாள எண்) ஒரு கட்டம் இருந்தால் போதும். அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறெதையும் வயதுச் சான்றாக ஏற்க முடியாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால் போதும். 2011இலும் 2014இலும் கூட்டரசின் கல்வித் துறையும் நீதித் துறையும் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதியே இதைச் சொல்ல வேண்டியிருந்தது: வயதையும் வசிப்பிடத்தையும் சரிபார்க்கலாம், குடிவரவு நிலையைக் கேட்டறியும் வகையில் ஆவணம் கோரக் கூடாது, வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழும் ஞானஸ்நானப் பதிவும்கூட வயதுக்குச் சான்றாகலாம், சமூகப் பாதுகாப்பு எண் தராததற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது. பாரம்பரிய மாதத்துக்குச் சுவரொட்டி தயாரிக்கும் ஆசிரியர், தம் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை ஒருமுறை கையில் எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அதுவே முதல் வேலை.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. மாணவர் ஆவணங்களைக் காக்கும் 1974ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின்படி, பெற்றோர் சம்மதமின்றி மாணவர் விவரங்களைப் பொதுவாக வெளியிடக் கூடாது. ஆனால் ‘கையேட்டு விவரம்’ என்று பள்ளி அறிவிக்கும் தகவல்களுக்கு விலக்கு உண்டு. பெயர், முகவரியோடு பிறந்த ஊரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோர் எழுத்தில் மறுத்தால் வெளியிட முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் கொடுக்கும் தாள்கட்டில் அந்த மறுப்புப் படிவம் எங்கோ நடுவில் இருக்கும். அதைத் தனியாக எடுத்து, ஸ்பானிய மொழியில், என்ன பொருள் என்று விளக்கிக் கொடுப்பது ஒரு மாலை நேர விழாவைவிட அதிகம் உதவும்.

மொழியிலும் ஒரு கவனம் தேவை. லத்தீனோ பிள்ளை என்றவுடன் ஸ்பானிய மொழி பேசும் உதவியாளரை அனுப்புவது வழக்கம். குவாத்தமாலாவின் மலைப்பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்கள் பல வீட்டில் மாம், கீச்சே போன்ற மாயா மொழிகளைப் பேசுகின்றன. அந்தப் பிள்ளைக்கு ஸ்பானியமும் இரண்டாம் மொழிதான். வீட்டில் என்ன மொழி என்று கேட்டுக் காத்திருந்து பதிலைக் கேட்பவர் வேண்டும்.

கொண்டாட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மார்ஃபாவில் தாளில் எழுதிப் புதைத்த மொழியில் இன்று பள்ளி மேடையில் ஒரு குழந்தை பாடுவது சிறிய காரியம் அன்று. அந்த மேடையில் டைலர் வழக்கையும் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நடனத்துக்கும் உணவுக்கும் நடுவே, விடியற்காலை 6 மணிக்கு நீதிமன்றம் வந்த பெற்றோரைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடம் பேசட்டும். அவர்களும் பாரம்பரியத்தின் பகுதிதான்.

நாட்காட்டியில் ஒரு மாற்றமும் தேவை. டெக்சாஸ் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில் திறக்கின்றன. பதிவு வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விழாக்குழு கூடுவதோ செப்டம்பரை ஒட்டி. அதற்குள் சேர்க்கை மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போயிருப்பார்கள். குழு ஜூலையிலேயே ஒருமுறை கூடட்டும். அந்தக் கூட்டத்துக்குச் சேர்க்கை மேசையில் உட்காரும் அலுவலரை அழைக்கட்டும். டைலர் வாரியம் கதவை மூடத் தீர்மானித்ததும் ஒரு ஜூலையில்தான்.